குடியம் மலையும் எங்கள் தெருக் கிராவலும்

வடசென்னையில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் கம்பி, சிமெண்ட் விலைக்கு முன்னால் விசாரிப்பது மண் விலையைத்தான். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு ஏறுகிறது, வீடு இறங்குகிறது. திருவொற்றியூர், எர்ணாவூர், மணலி புதுநகர், எங்கே போனாலும் இதே கதை. அடியில் நாலைந்து லோடு சவுட்டு மண், அதற்கு மேல் ஒன்றிரண்டு லோடு கிராவல் என்கிற சரளைச் செம்மண். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் டிப்பர் வந்து தெருமுனையில் கொட்டிவிட்டுப் போகும். காலையில் பார்த்தால் செக்கச் செவேலென்று ஒரு குவியல், அதன் மேல் ஏறி விளையாடப் பிள்ளைகள் ஒரு கூட்டம்.

அந்தக் குவியலைக் கிளறிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. செம்மண் உருண்டைகளுக்கு நடுவே வழவழப்பான கூழாங்கற்கள் கிடக்கும். கோழி முட்டை அளவில், சில சமயம் தேங்காய் அளவில். வெளுப்பு, இளஞ்சிவப்பு, பழுப்பு. கடற்கரை ஊர்க்காரர்களான எங்களுக்கு மணல் தெரியும், சேறு தெரியும். இந்த மாதிரிக் கல் எங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளம் தோண்டினாலும் வராது. ஒருமுறை டிப்பர் ஓட்டி வந்தவரிடம் கேட்டேன். "பூண்டி சைடு மண்ணு தம்பி, அங்க எல்லாம் இப்டிதான் கல்லோட வரும்" என்றார். அவர் சொன்ன அந்தப் பூண்டிப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இந்தியாவின் பழைய கற்காலத்தைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தக் கல்லோடு வரும் மண்ணிலிருந்து வந்தது.

எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆறுதான் அந்தப் பள்ளத்தாக்கையும் உண்டாக்கியது. எங்களுக்கு அந்த ஆறு என்றால் உப்பங்கழி, இறால், அனல்மின் நிலையப் புகைபோக்கி, சாம்பல். அதே ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் வல்லூர் அணைக்கட்டு, தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, பிறகு பூண்டி நீர்த்தேக்கம். அதற்கும் அப்பால் ஆந்திர எல்லை வரை அல்லிக்குழி, சத்தியவேடு என்று தாழ்வான குன்றுகள். நகரி மலைப் பக்கத்திலிருந்து வரும் நகரி ஆறு பூண்டிக்கு மேலே இதில் சேர்கிறது. மொத்தமே 136 கிலோமீட்டர்தான் கொசஸ்தலை. காவிரியையோ பாலாற்றையோ பார்த்தவர்கள் இதை ஆறு என்று ஒப்புக்கொள்ளவே யோசிப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் மணல்தான் தெரியும்.

அல்லிக்குழி குன்றுகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணமான கரடு. கிட்டே போய்ப் பாறையைத் தொட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அது ஒரே கல் இல்லை. உருண்டைக் கற்கள் ஆயிரக்கணக்கில், நெருக்கமாக, கடலை உருண்டையில் கடலை ஒட்டியிருப்பதுபோல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பாறையாகியிருக்கின்றன. டைனோசர்கள் இருந்த காலம், 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், இன்று பெயரே இல்லாத ஏதோ வேகமான ஆறுகள் மேற்கு மலைகளின் குவார்ட்சைட் பாறைகளை உடைத்து, உருட்டி, இங்கே கொண்டுவந்து கொட்டின. மணலும் களிமண்ணும் இடையில் புகுந்து இறுகின. ஆக, இந்தக் கூழாங்கற்கள் இரண்டு முறை ஆற்றில் உருண்டவை. முதலில் அந்தப் பழைய ஆறுகளில் உருண்டு பாறைக்குள் சிக்கின. பிறகு அந்தப் பாறை மழையிலும் வெயிலிலும் உதிர, கொசஸ்தலையும் அதன் ஓடைகளும் அவற்றை மறுபடி எடுத்துக்கொண்டு சமவெளிக்கு வந்தன. இரும்புச் சத்துள்ள செம்மண் அவற்றைப் போர்த்தியது. நம் கிராவல் அதுதான்.

குவார்ட்சைட் கடினமான கல். ஆனால் சரியான கோணத்தில் இன்னொரு கல்லால் தட்டினால் சில்லாகப் பெயரும், பெயர்ந்த விளிம்பு கத்தியாக வெட்டும். மலையில் அந்தக் கல் வேண்டிய மட்டும் இருந்தது. பக்கத்தில் தண்ணீர், தண்ணீருக்கு வரும் மிருகங்கள். லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆட்கள் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போகாததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

பூண்டியிலிருந்து குடியம் கிராமத்துக்குப் போய், அங்கிருந்து காப்புக்காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடந்தால் குகைகள். வனத்துறை அனுமதி வேண்டும். பாதை முழுக்கக் கூழாங்கல்தான், செருப்புக்கு அடியில் உருளும், கணுக்காலைப் பதம் பார்க்கும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும் குறுங்காடு. களா, காரை, சூரை, காட்டெலுமிச்சை, நடுநடுவே ஈச்சை. வெயில் காலத்தில் பார்த்தால் காய்ந்துபோன புதர்க்காடு என்றுதான் தோன்றும். உண்மையில் அதில் பல மரங்கள் இலையை முழுதாக உதிர்ப்பதே இல்லை. மழை குறைவு, கோடை நீளம், ஆனாலும் பச்சை. சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய இந்த உலர் பசுமைக்காடு இன்று திட்டுத் திட்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது, பெரும்பாலும் கோயில் காடுகளாகவும் இது மாதிரிக் காப்புக்காடுகளாகவும். சூரை முள் சட்டையைப் பிடித்து இழுக்கும்போது இதையெல்லாம் ரசிக்கத் தோன்றாது என்பது வேறு விஷயம்.

குகை என்ற சொல்லைக் கேட்டு இருட்டான சுரங்கத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மலைச்சரிவு உள்ளே குடைந்து, மேலே கூரைபோல் பாறை நீண்டிருக்கும் பெரிய ஒதுங்கிடம் அது. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க அதே உருண்டைக் கற்கள், எப்போது வேண்டுமானாலும் ஒன்று தலையில் விழலாம் என்பதுபோல. பாறையில் பெருந்தேனீயின் அடைகள் தொங்கும். அதன் கீழே உள்ளூர்க்காரர்கள் கும்பிடும் சாமி. செண்ட் போட்டுக்கொண்டு போவது, கத்துவது, பீடி சிகரெட் பற்றவைப்பது எல்லாம் அங்கே உயிருக்கே ஆபத்து. இதை வழிகாட்டி வருகிற ஊர்க்காரர் சொல்வார், சொன்னதைக் கேளுங்கள்.

குடியம் குகையைப் பற்றி வரும் காணொளிகளில் எல்லாம் 'ஆதிமனிதன் குடியிருந்த வீடு' என்று தலைப்பு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. கருவிகள் கிடைத்தன, ஆனால் கொஞ்சம்தான். தலைமுறை தலைமுறையாக ஆட்கள் தங்கிய இடத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. வந்தார்கள், ஒதுங்கினார்கள், போனார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். இவ்வளவு பெரிய கூரையைப் பார்த்ததும் நமக்கு வீடு ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். அவர்கள் அதிகம் புழங்கிய இடம் கீழே, திறந்தவெளியில், இன்று பார்த்தால் நின்று ஒரு போட்டோகூட எடுக்கத் தோன்றாத ஓடைக்கரையில் இருக்கிறது.

அதற்கு முன்னால் பல்லாவரத்துக்கு ஒரு நடை போய்விட்டு வர வேண்டும். ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர், வயது அப்போது முப்பதுகூட ஆகவில்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் படைகள் அணிவகுக்கும் மைதானத்துக்குப் பக்கத்தில் சரளைக்காக வெட்டிய ஒரு குழியில் ஒரு கல்லைப் பார்த்தார். இயற்கையாக உடைந்த கல் அல்ல, கையால் செதுக்கியது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் இப்படிப்பட்ட கற்கள் மனிதன் செய்தவைதான், அதுவும் அழிந்துபோன மிருகங்கள் வாழ்ந்த காலத்தவை என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்திருந்த ஆள் என்பதால் ஃபூட்டின் கண்ணில் அது பட்டது. அந்தக் குழியில் கூலிக்கு வெட்டியவர்கள் அதற்கு முன் எத்தனை கைக்கோடரிகளை, அதாவது கையில் பிடித்து வெட்டச் செதுக்கிய கற்களை, சரளையோடு சரளையாகக் கூடையில் அள்ளிப் போட்டிருப்பார்களோ!

அதே ஆண்டு செப்டம்பரில் அவரும், உடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கும் கொசஸ்தலை பக்கம் வந்தபோது அத்திரம்பாக்கத்து ஓடையில் கருவிகள் கும்பலாகக் கிடப்பதைக் கண்டார்கள். அன்றிலிருந்து கொசஸ்தலைப் பள்ளத்தாக்கைத் தேடி ஆய்வாளர்கள் வந்தபடியே இருக்கிறார்கள். இங்கே கிடைத்த கைக்கோடரி மரபுக்கே 'மதராஸ்' பெயர்தான் பாடப் புத்தகங்களில் நிலைத்தது. ஃபூட் பிற்காலத்தில் சேர்த்த பெரிய தொகுப்பு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

அத்திரம்பாக்கத்தில் எனக்குப் பிடித்த கதை வயதைப் பற்றியது அல்ல, ஒரு களிமண் அடுக்கைப் பற்றியது. ஓடைக்கரையில் மேலே செம்மண் சரளை, அதற்குக் கீழே அடுக்கடுக்கான களிமண். 1960களில் தோண்டியவர்கள் அந்தக் களிமண்ணை டைனோசர் காலத்துக் களிப்பாறை மக்கியது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் மனிதனே இல்லை, ஆகவே அதற்குள் தேடுவதில் அர்த்தமும் இல்லை. 1999இல் சாந்தி பப்புவும் பிறகு குமார் அகிலேஷும் சர்மா மரபுக் கல்வி மையத்தின் சார்பில் மறுபடி தோண்டத் தொடங்கினார்கள். அந்தக் களிமண் டைனோசர் காலத்தது இல்லை, மிகப் பிற்காலத்தில் வெள்ளம் நின்று வடிந்த ஆற்றுச் சமவெளியின் படிவு என்று தெரிந்தது. அதற்குள்ளே அடிவரை கருவிகள். தோண்டிய ஆழம் 9 மீட்டர் அளவுக்குப் போனது.

களிமண்ணுக்குள் கூழாங்கல் இயற்கையாக இருக்காது. சேறு மெதுவாகப் படியும் தண்ணீரில் கல் உருண்டு வராது. அப்படியானால் அந்த அடுக்கில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் யாரோ கையில் எடுத்துக்கொண்டு வந்தது. மலைப் பக்கமோ ஆற்றங்கரைச் சரளையிலோ நல்ல கல்லைப் பார்த்து, பெரிய சில்லாகப் பெயர்த்து, இங்கே கொண்டுவந்து கைக்கோடரியாகவும் வெட்டுக்கருவியாகவும் முடித்திருக்கிறார்கள். கிளம்பும்போதே எங்கே போகிறோம், போகிற இடத்தில் கல் கிடைக்காது என்ற யோசனை இருந்திருக்கிறது. அதே அடுக்கில் மாட்டினம், குதிரையினம் போன்றவற்றின் பற்களும், ஈரச் சேற்றில் மிருகங்கள் நடந்த குளம்படித் தடங்களும் அகப்பட்டன. மனித எலும்பு மட்டும் ஒன்றுகூட இல்லை. ஆகவே இவர்கள் யார் என்று முகம் வரைந்து போஸ்டர் போடுவதெல்லாம் ஓவியரின் கைவண்ணம்தான்.

வயது கணித்த முறையும் அழகானது. வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் எப்போதும் விழுந்துகொண்டிருக்கின்றன. நிலத்தின் மேல் கிடக்கும் குவார்ட்சைட் கல்லுக்குள் அவை பெரிலியம்-10, அலுமினியம்-26 என்ற இரண்டு கதிரியக்க அணுக்களை மிகச் சிறிய அளவில் உண்டாக்கும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்றுவிடும், ஏற்கெனவே இருப்பது சிதையத் தொடங்கும். அலுமினியம் வேகமாக, பெரிலியம் அதில் பாதி வேகத்தில். இன்று இரண்டும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று கணக்குப் போடலாம். புவியின் காந்தப்புலம் திசை மாறியிருந்த காலத்தின் தடமும் களிமண்ணில் இருந்தது. இரண்டையும் சேர்த்து 2011இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது: குறைந்தது 10 லட்சம் ஆண்டுகள், சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள். இந்தியாவுக்குக் கைக்கோடரி பிற்காலத்தில்தான் வந்தது என்று அதுவரை பலர் நம்பியதை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

2018இல் அதே குழு 'நேச்சர்' இதழில் இன்னொரு குண்டைப் போட்டது. மேல் அடுக்குகளில் பெரிய கைக்கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுப் பெயர்த்த சின்னச் சில்லுக் கருவிகள் பெருகுகின்றன. இந்த மாற்றம், நம்மைப் போன்ற மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்குள் கொண்டுவந்தது என்பது அதுவரை பரவலாக இருந்த கருத்து. அத்திரம்பாக்கத்தில் அது தொடங்கிய காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன். இதற்கு எல்லோரும் தலையாட்டிவிடவில்லை, வாதம் நடக்கத்தான் செய்கிறது. நடக்கட்டும். நம்மூர் ஓடைக்கரையை வைத்து உலகம் சண்டை போடுகிறதே, அதுவே எனக்குப் போதும்.

பூண்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கைத் தாண்ட முடியாது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியில் 1940இல் வேலை தொடங்கி 1944இல் முடிந்த நீர்த்தேக்கம் அது. அவர் அதைப் பார்க்காமலே 1943இல் இறந்துபோனார். கிருஷ்ணா நீரும் கண்டலேறிலிருந்து கால்வாய் வழியாக அங்கேதான் வந்து சேர்கிறது. எங்கள் தெருக் குழாயில் வருவதில் அதுவும் கலந்திருக்கும். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்களில் ஒன்று திருவெண்பாக்கம்.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். மகிழ மரத்தடியில் சங்கிலி நாச்சியாரிடம் உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்த சுந்தரர், சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போனது. தட்டுத் தடுமாறி மேற்கே போன அவருக்குக் கொசஸ்தலைக் கரையில் இருந்த திருவெண்பாக்கத்துச் சிவன் கண்ணைக் கொடுக்கவில்லை, ஊன்றுகோலைக் கொடுத்தார். கோபத்தில் சுந்தரர் கோலை வீசியதில் நந்தியின் கொம்பு உடைந்தது என்பார்கள். ஊன்றீஸ்வரர் என்று பெயர். நீர்த்தேக்கம் வந்தபோது பழைய கோயில் மூழ்க, சாமி சிலைகளைக் கொண்டுவந்து பூண்டியில் புதுக் கோயில் கட்டினார்கள். கொம்பு உடைந்த நந்தியும் அங்கே இருக்கிறார். மாசியில் இங்கே மகிழடி சேவை பார்க்கக் கூடுகிற கூட்டத்தில் எத்தனை பேர் பூண்டி வரை போய்க் கதையின் அடுத்த பாகத்தைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். குடியம் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. அதனால் அந்தக் குன்றுகளில் குவாரி வைக்க முடியாது. அது பெரிய விஷயம், வனத்துறையைப் பாராட்ட வேண்டும். ஆனால் கருவிகள் கிடக்கும் சரளைப் படிவு காட்டின் எல்லைக் கல்லோடு நிற்பதில்லை. பரிக்குளம், வடமதுரை என்று சமவெளியில் பல கிலோமீட்டருக்குப் பரந்திருக்கிறது. 2005இல் பரிக்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டிக் கருவிகள் எடுத்தது நினைவிருக்கலாம். இந்த நிலத்தில் பெரும்பகுதி பட்டா நிலம், ஏரி, மேய்ச்சல் நிலம். அங்கே சவுடும் கிராவலும் எடுக்க உரிமம் வாங்குகிறார்கள். வாங்கியதற்கு மேல் எடுக்கிறார்கள் என்ற புகார் திருவள்ளூர் மாவட்டச் செய்திகளில் வராத மாதம் குறைவு. மலை பத்திரமாக இருக்க, மலையடிவாரம் லாரி ஏறுகிறது. மலையைவிட அடிவாரத்தில்தான் வரலாறு அதிகம் என்பதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இதில் நல்லவன் கெட்டவன் என்று பிரிப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சரளைக்குழி வெட்டாமல் இருந்திருந்தால் ஃபூட்டுக்கு அந்தக் கல் கிடைத்திருக்காது. ஓடை கரையை அரிக்காமல் இருந்திருந்தால் அத்திரம்பாக்கமும் தெரிந்திருக்காது. ஆனால் 1863இல் கூடையும் மண்வெட்டியும் நாள் முழுக்க எடுத்ததை இன்று ஜேசிபி சில நிமிஷத்தில் எடுத்துவிடுகிறது. குழிக்குள் இறங்கி நின்று பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. கிராவல் வேண்டாம் என்று சொல்ல எங்களாலும் முடியாது. 2015இலும் 2021இலும் பூண்டியிலிருந்து உபரிநீரைத் திறந்துவிட்டபோது மணலி புதுநகர், சடையங்குப்பம், வெள்ளிவாயல் பக்கமெல்லாம் ஆறு வீட்டுக்குள் வந்தது. வீட்டை உயர்த்தாமல் எப்படி இருப்பது? அதே ஆற்றின் மேல்பக்கத்தைத் தோண்டி வந்த மண்ணைப் போட்டுத்தான் கீழ்ப்பக்கத்தில் அந்த ஆற்றுக்குத் தப்பிக்கிறோம். கழியைச் சாம்பல் போட்டுத் தூர்க்காமல் விட்டிருந்தால் இந்த அளவு மண்ணே எங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது என்று எண்ணூர் மீனவர்கள் சொல்வது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

என் ஆசை சின்னது. உரிமம் கொடுக்கும் முன் அந்த நிலத்தை ஒரு தொல்லியல்காரர் நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கருவி தெரிந்தால் அந்த மூலையை விட்டுவிட்டு வேறு இடத்தில் எடுக்கட்டும். கிராவல் எங்கேயும் கிடைக்கும், அடுக்குக் கலையாத படிவு கிடைக்காது.

போக நினைப்பவர்கள் முதலில் பூண்டியில் இருக்கும் தொல்பழங்கால அகழ்வைப்பகம் என்ற அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1985இல் மாநிலத் தொல்லியல் துறை தொடங்கியது. சின்ன இடம்தான், அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கைக்கோடரி எப்படி இருக்கும், வெறும் உடைந்த கல் எப்படி இருக்கும் என்று கண் பழகிவிடும். பிறகு ஊன்றீஸ்வரர், அப்புறம் குடியம். திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குப் பஸ் உண்டு, குடியத்துக்கு சொந்த வண்டிதான் தோது. காலையிலேயே ஏறிவிடுங்கள், பாறை சூடேறினால் நடக்க முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல ஷூ. வழியில் செதுக்கிய மாதிரி ஒரு கல் கண்ணில் பட்டால் போட்டோ எடுங்கள், போனில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கல்லை அங்கேயே விட்டுவிட்டு அகழ்வைப்பகத்தில் சொல்லுங்கள். எங்கே, எந்த மண்ணில் கிடந்தது என்று தெரியாத கைக்கோடரியை வைத்து ஆய்வாளரால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. டிப்பரில் வந்து எங்கள் தெருமுனையில் விழுகிற கல்லுக்கும் அதே கதிதான்.